மாரிகுப்பம் வரைக்கும் வா

ரயில் கோரமண்டலில் நின்றது. நான் இறங்கவில்லை.

இருபது வருஷத்துக்கு மேலாக நான் இறங்கும் ஸ்டேஷன் அது. வண்டி வேகம் குறையும்போதே கால்கள் தாமாக எழுந்துகொள்ளும். அன்றைக்கு அவற்றை அடக்கி உட்கார வைத்துவிட்டு, மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். கூட வரும் ஆட்கள் இறங்கிப் போனார்கள். அவர்களில் ஒருவர் பிளாட்பாரத்திலிருந்து ஜன்னல் கம்பியைத் தட்டி, "இன்னா சார், தூங்கிட்டீங்களா? எறங்குங்க" என்றார். இல்லை, மாரிகுப்பம் போகிறேன் என்று சொன்னேன். 

எதிர் சீட்டில் அசோகன் உட்கார்ந்திருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மண்மேடு மஞ்சளும் சாம்பலுமாகப் போய்க்கொண்டிருந்தது. ஏதோ அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அவன் என்னிடம் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்று சனிக்கிழமை. இருவருக்கும் அரை நாள் வேலை. பங்காருப்பேட்டையில் வண்டி நின்றபோது, முன்னால் எங்கேயோ ஒரு பெட்டியிலிருந்து இறங்கி, பிளாட்பாரத்தில் நடந்து வந்து, என் பெட்டியில் ஏறி, எனக்கு எதிரே உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் சொன்னான்.

"சாமு, இன்னிக்கு மாரிகுப்பம் வரைக்கும் வா. நூடுல்ஸ் சாப்டலாம்."

அவ்வளவுதான். சரி என்றேன். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எனக்காகப் பிடித்த சீட்

இந்தத் தொடரில் அசோகனைப் பற்றி நான் இதுவரை எழுதவில்லை. போன மாதம் பள்ளிக்கூடத்து நாட்களை எழுதியபோதுகூட அவன் பெயரைத் தவிர்த்துவிட்டேன். "உங்களுக்கு நெருங்கின சிநேகிதர் யாருமே இல்லையா?" என்று வாசகி ஒருவர் கடிதத்தில் கேட்டிருந்தார். அவருக்கு இப்போது பதில் சொல்ல முடிகிறது.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். எங்கள் இரண்டு பேரின் அப்பாக்களும் சுரங்கத்தில் ஒரே ஷிஃப்ட். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அசோகன் வீட்டில் புத்தர் படம் மாட்டியிருக்கும். பௌர்ணமிக்குப் பால் பாயசம் வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு ரோஸ் குக்கீஸ் போகும். அதற்குமேல் மதத்தைப் பற்றி எங்களுக்குள் பேச்சு எழுந்ததில்லை.

சுரங்கத்தை மூடிய பிறகு ஊரில் பாதிப் பேர் ரயிலில் ஏறினார்கள். நாங்களும் ஏறினோம். எனக்குப் பெங்களூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளர் வேலை. அவனுக்கு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எலெக்ட்ரீஷியன் வேலை. அவன் மாரிகுப்பத்தில் ஏறுவான். அங்கேதான் வண்டி புறப்படுகிறது, இடம் கிடைக்கும். நான் ஏறுவதற்குள் பெட்டி நிரம்பிவிடும். அதனால் தனக்குப் பக்கத்தில் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு ஒரு இடம் பிடித்து வைப்பான். யாராவது சண்டைக்கு வந்தால், "ஆளு வர்றாரு, கால் சரியில்லாத ஆளு" என்பான். அதற்காகவே நான் கொஞ்சம் நொண்டிக்கொண்டு ஏறுவேன்.

பேச்சு நின்ற பிறகு நான் நின்றுகொண்டே போனேன். பெங்களூர் வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல். கால் வலித்தது நிஜம். ஆனால் என் மனைவி ரூத் சாயங்காலம் தைலம் தேய்த்துவிட வரும்போது வேண்டாம் என்பேன். அந்த வலி எனக்கு வரவேண்டியதுதான் என்று தோன்றும்.

சைனீஸ் சாப்பாடு என்பதும் அவனோடு பழகியதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெங்களூரில் ஒரு ஓட்டலுக்குப் போனோம். நூடுல்ஸை முள்கரண்டியில் சுற்றத் தெரியாமல் அசோகன் தட்டை வாய்க்கருகே தூக்கிப் பிடித்து உறிஞ்சினான். பக்கத்து மேஜைப் பெண்கள் சிரித்தார்கள். அவன் அவர்களைப் பார்த்துக் கன்னடத்தில், "சீனாவில் இப்படித்தான் சாப்பிடுவார்கள், நான் போய் வந்தவன்" என்றான். அவர்கள் நம்பிவிட்டார்கள். அன்றிலிருந்து எது நடந்தாலும், என் கல்யாணம் நிச்சயமானாலும், அவன் மகள் பாஸானாலும், யாருக்காவது வேலை போனாலும், "நூடுல்ஸ் சாப்டலாமா" என்பதுதான் எங்களுக்குள் வார்த்தை.

அந்த வார்த்தையைத்தான் பங்காருப்பேட்டையில் சொன்னான். நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் அதே வார்த்தைதானே.

ஆறு மேஜைக் கடை

மாரிகுப்பத்தில் இறங்கியதும் அவன் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருந்த பைக்கை எடுத்தான். பின்னால் உட்கார்ந்தேன். வழக்கமாக அவன் தோளைப் பிடித்துக்கொள்வேன். அன்று கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆண்டர்சன்பேட்டை போய்ச் சேருவதற்குள் இரண்டு வேகத்தடைகளில் தூக்கிப் போட்டது.

நாங்கள் வழக்கமாகப் போகும் சைனீஸ் கடை அப்போதுதான் திறந்திருந்தது. மாலை வெயில் வாசல்படி வரை உள்ளே வந்து கிடந்தது. மொத்தம் ஆறு மேஜை. சுவரில் ஒரு டிராகன். வரைந்தவர் உள்ளூர்க்காரர் போலிருக்கிறது, பார்ப்பதற்கு மீசை வைத்த ஓணான் மாதிரி இருக்கும். சமையல்காரர் நேபாளத்துக்காரர், பல வருஷமாக இங்கேயே இருப்பவர். எங்கள் ஊர்த் தமிழை எங்களைவிட நன்றாகப் பேசுவார். முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு, "இன்னாபா, ரெண்டு பேரும் சேந்து வந்துக்கிறீங்க, எத்தினி நாளாச்சு" என்றார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டார்.

அசோகன் எனக்கும் சேர்த்துச் சொன்னான். ஒரு கோபி மஞ்சூரியன், ஒரு சிக்கன் நூடுல்ஸ், இரண்டாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னான். எனக்குப் பிடித்தது எது என்று அவன் மறக்கவில்லை என்பதைக் கவனித்தேன். அதில் நம்பிக்கை வைக்கலாமா கூடாதா என்றும் யோசித்தேன்.

கோபி வந்தது. இப்போதெல்லாம் கலர் போடக்கூடாது என்று சர்க்கார் தடை. முன்பு கை விரலெல்லாம் சிவக்கும். இப்போது வெளிர் பழுப்பாக, ஏதோ பத்தியச் சாப்பாடு போல இருக்கிறது. ஆனால் பூண்டும் மிளகாயும் சோயாவும் சேர்ந்த அந்த வாசனையில் மாற்றமில்லை. ஆவி என் கண்ணாடியில் படிந்தது. துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அவன் கேட்டான்.

"நைனா அன்னிக்கு உன்கிட்ட இன்னா சொன்னாரு? ஒரு வார்த்தகூட உடாம சொல்லு."

நைனா என்றது அவனுடைய அப்பாவை. நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியதுதான் எங்கள் பேச்சு நின்றதற்குக் காரணம். அதைச் சொல்வதற்கு முன்னால் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கேஜில் சொன்னது

சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டுக்கு எங்கள் ஊரில் கேஜ் என்றுதான் பெயர். கேட்டைச் சாத்தி மணி அடித்ததும், மேலே இன்ஜின் ரூமில் உட்கார்ந்திருக்கும் வைண்டிங் டிரைவர் இரும்புக் கயிற்றை விடுவார். கேஜ் கல் விழுவதுபோல் இறங்கும். காது அடைக்கும், வயிறு மேலே ஏறும் என்று அப்பா சொல்வார். ஆயிரக்கணக்கான அடி. அந்த ஒரே கயிற்றில் அத்தனை பேரின் உயிரும்.

கேஜ் அசையும்போது அப்பா ஒரு வாக்கியம் சொல்வாராம். அவரே உண்டாக்கிக்கொண்டது.

"எறங்குற அத்தினி பேரையும் ஏத்தி உட்ரு."

வீட்டில் அவர் சாப்பாட்டுக்கு முன் செய்யும் ஜெபம் நீளமாக இருக்கும். முடிவில் இயேசுவின் நாமத்தில் என்று சொல்லி ஆமென் போடுவார். அதற்குள் ரசம் ஆறிவிடும். கேஜில் மட்டும் ஏன் இவ்வளவு சின்னதாக என்று சிறுவயதில் கேட்டேன். கேஜ் வேகமாகப் போகும், அதற்குமேல் நேரமில்லை என்றார். அதையே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. அவரோடு அதே கேஜில் இறங்கி ஏறியவர்தான் நைனா. பெயர் முனுசாமி. உள்ளே கூரை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை. நெஞ்சில் தூசி படிந்திருந்தும் எண்பது வயதைத் தாண்டினார். கடைசியில் மூச்சுத்தான் அவரையும் படுக்க வைத்தது.

வார்டில் நடந்தது

ஆஸ்பத்திரியில் அசோகன் மூன்று நாளாகக் கண் மூடாமல் அவரோடு இருந்தான். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். "நான் பாத்துக்கறேன், நீ போயி டீ குடிச்சிட்டு முகம் கழுவிக்கினு வா" என்று அவனை அனுப்பியது நான்தான். போக மாட்டேன் என்றான். பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினேன்.

அவன் போன சிறிது நேரத்தில் நைனா கண் திறந்தார். மூக்கையும் வாயையும் மூடிய ஆக்ஸிஜன் மாஸ்க். அதற்குள்ளிருந்து ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன்.

"ஏத்தி உடு" என்றார்.

கட்டிலைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். கால்மாட்டில் கைப்பிடி இருந்தது. சுற்றித் தலைப்பக்கத்தை உயர்த்தினேன். அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. இன்னும் வேண்டுமோ என்று இன்னும் சுற்றினேன். மறுபடியும் தலையை ஆட்டினார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அந்த வயதிலும் பிடி இரும்பாக இருந்தது.

"உங்கப்பன்... கேஜுல..." என்றார். கண்ணில் பயம் இருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

எனக்குப் புரிந்தது. புரிந்தது என்று அப்போது நினைத்தேன். அவர் நெற்றியில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் வாக்கியத்தைச் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். அவர் பிடி தளர்ந்தது. மூச்சும் கொஞ்சம் நிதானப்பட்டது.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஐம்பது வருஷப் பழக்கம், நாக்கு தானாக மேற்கொண்டு போயிற்று. இயேசுவின் நாமத்தில் என்று சொல்லி, ஆமென் என்று முடித்தேன். கண்ணைத் திறந்தால் கதவருகே அசோகன் நிற்கிறான். கையில் எனக்காக வாங்கி வந்த டீ.

வாசலில் நிற்க வேண்டியவன்

அடுத்த நிமிஷம் அவன் ஏன் கோபத்தில் வெடித்தான் என்பதை முதலில் சொல்லாவிட்டால் அவனுக்கு நான் அநியாயம் செய்தவனாவேன்.

அவன் அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில், யாரும் கூப்பிடாமலே சிலர் வீட்டுக்குள் வந்து கட்டிலைச் சுற்றி நின்று சத்தமாக ஜெபித்தார்கள். இன்னொரு பக்கம் சொந்தக்காரர்கள் விபூதியும் வேப்பிலையுமாக வந்தார்கள். புத்தர் வழிக்கு வந்தது தவறு என்று கடைசி நேரத்திலாவது அவள் வாயிலிருந்து வரவேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. நைனா எல்லோரையும் கைகூப்பி வெளியே அனுப்பினார். பிறகு மகனைக் கூப்பிட்டு, "எனக்கு அந்த நேரம் வந்தா நீ வாசல்ல நில்லு, ஒருத்தனயும் உடாத" என்றாராம். அசோகன் சத்தியம் செய்துகொடுத்தான். இது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"யாரக் கேட்டுடா?" என்றான் அன்று.

"நைனாதான் கேட்டாரு" என்றேன்.

மாஸ்க் போட்டுப் பேச்சில்லாமல் கிடப்பவர் எப்படிக் கேட்பார் என்றான். அவன் இருந்த மூன்று நாளில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். டீயை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், போ என்றான்.

அதிலிருந்து மூன்றாம் நாள் நைனா காலமானார். சாவுக்குப் போனேன். தூக்குகிற நேரத்தில் தோள் கொடுக்க நெருங்கினேன். அசோகன் என் மார்பில் உள்ளங்கையை வைத்து நிறுத்தினான். "நீ வேணாம் சாமு" என்றான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் அவன் வேறு பெட்டிக்கு மாறினான்.

என்னைத் தின்றது அவனுடைய கோபம் மட்டுமில்லை. நின்றுகொண்டு போன அந்த ரயில் பயணங்களில் வேறொரு சந்தேகம் முளைத்தது. நைனா உண்மையில் கேட்டாரா? மூச்சு முட்டிய ஒரு கிழவர் கட்டிலை உயர்த்தச் சொல்லியிருக்கலாம். நான் அளவுக்கு மீறி உயர்த்தியிருக்கலாம். உங்கப்பன், கேஜ் என்ற வார்த்தைகளை நானே அவர் வாயில் வைத்துவிட்டேனா? நாள் ஆக ஆக, எது அவர் சொன்னது, எது நான் நினைத்தது என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. ரூத்திடம்கூட இதைச் சொல்லவில்லை.

ஒரு வார்த்தை விடாமல்

இப்போது ஆறு மேஜைக் கடையில் அவன் கேட்கிறான். ஒரு வார்த்தைகூட விடாமல் சொல் என்கிறான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. கட்டிலை உயர்த்திய கதையை விட்டுவிடலாம். ஆமெனையும் விட்டுவிடலாம். நைனா தெளிவாகக் கேட்டார், நான் சொன்னேன் என்று முடித்தால் நான் நல்லவனாக எழுந்து போகலாம். அவன், பின்னால் வந்த நூடுல்ஸைத் தொடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பிடியைச் சுற்றியதை, அவர் தலையாட்டியதை, மணிக்கட்டைப் பிடித்ததை, அப்பாவின் வாக்கியத்தை. பிறகு என் சந்தேகத்தையும் சொன்னேன்.

"அவரு கட்டிலத்தான் ஏத்தச் சொன்னாரோ இன்னாவோ, எனக்கு இப்ப நெசமா தெரியல அசோகா. ஆனா அந்தக் கடசி வார்த்த, நீ கேட்டியே, அது நான் சேத்தது. அத்த அவரு கேக்கல. உங்க வீட்டு விசயம் தெரிஞ்சும் சொல்லிட்டேன். என்ன மன்னிச்சிடு."

சொல்லி முடித்தபோது வாய் உலர்ந்திருந்தது. தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தேன். 

அசோகன் ஒரு கோபித் துண்டை எடுத்தான். சாப்பிடவில்லை. தட்டின் ஓரமாக வைத்தான்.

"போன ஞாயித்துக்கெழம ஊரிகம்ல பாஷா பாய் வீட்டுக்குப் போனேன்" என்று ஆரம்பித்தான்.

ஏணியில் கேட்டது

பாஷா பாய் அந்தக் காலத்தில், கேஜ் இறங்கும் குழியான ஷாஃப்டின் வாயருகே நின்று, கேட்டைச் சாத்தி மணி அடித்தவர். இப்போது காது மந்தம், வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அசோகன் உள்ளூரில் சில்லறை வயரிங் வேலை செய்வான். பாய் வீட்டு மின்விசிறி ஓடவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள்.

இவன் ஏணியில் ஏறி விசிறியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாய், நீ முனுசாமி மகன்தானே என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும் கிழவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவர்கள் ஷிஃப்ட் எப்படி இறங்கும் தெரியுமா என்று ஆரம்பித்து, கையை உயர்த்தி மணி அடிப்பதுபோல் காட்டி, அந்த வாக்கியத்தைச் சொன்னாராம். எறங்குற அத்தினி பேரையும் ஏத்தி உட்ரு. சாமுவேலின் அப்பன் ஒருமுறை சொல்வான், உடனே கேஜில் உள்ள எல்லோரும் சேர்ந்து ஏத்தி உட்ரு என்பார்கள். இந்து, முஸ்லிம், வேதக்காரன் எல்லோரும். அதில் உன் அப்பன் குரல்தான் ஷாஃப்டுக்குள் போயும் கேட்டுக்கொண்டிருக்கும்.

அசோகன் ஏணியிலிருந்து இறங்கிவிட்டான். ஸ்க்ரூ டிரைவர் கையிலேயே இருந்ததாம். புத்தர் வழிக்கு வந்த பிறகும் சொன்னாரா என்று கேட்டிருக்கிறான். காது கேட்காதவரிடம் மூன்று முறை கத்திக் கேட்டிருக்கிறான்.

"பாய் இன்னா சொன்னாரு தெரியுமா?" என்றான் என்னிடம். இப்போதுதான் நேராகப் பார்த்தான். "அவருக்கும் அதே சந்தேகம் வந்துச்சாம். சாமி இல்லன்றியே முனுசாமி, அப்புறம் யாருக்குச் சொல்றன்னு நைனாவையே கேட்டாராம். நைனா சொன்னாராம், நான் சாமிக்குச் சொல்லல பாய், மேல ஒக்காந்துக்கிறானே வைண்டிங் டிரைவரு, அவனுக்குச் சொல்றேன்னு."

நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. இரண்டும் கலந்து மூக்கில் ஏறிக்கொண்டது. சோயா சாஸ் வாசனை வேறு.

"ஆமென் உண்டான்னும் கேட்டேன்" என்றான் அசோகன். "இல்லவே இல்லன்னாரு. எல்லாரும் சேந்து சொல்லணுமில்ல, அதனால உங்கப்பா அத்தோட நிறுத்திக்குவாராம்."

இதை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை. கேஜ் வேகமாகப் போகும், நேரமில்லை என்று என்னிடம் சொன்ன மனிதர், கூட நிற்பவர்கள் எல்லோருக்கும் இடம் விட்டு ஜெபத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். மகனுக்கு அந்த நாசூக்கு வரவில்லை. அசோகன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது. குத்தவேண்டியதுதான்.

இன்னொரு தட்டு

கொஞ்ச நேரம் இருவரும் சாப்பிட்டோம். நூடுல்ஸ் ஆறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் வினிகரில் ஊறிய பச்சைமிளகாயை எடுத்து என் தட்டிலும் போட்டான்.

திடீரென்று, "நெசமாவே கட்டிலயா ஏத்தின?" என்றான்.

"ஆமாண்டா. ரெண்டு தடவ சுத்தினேன். கிட்டத்தட்ட ஒக்கார வச்சிட்டேன்."

அசோகன் சிரிக்க ஆரம்பித்தான். அவன் அப்பா மாஸ்க்குக்குள் என்ன திட்டு திட்டியிருப்பார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மிளகாய் புரையேறி இருமினான். நான் எழுந்து முதுகைத் தட்டினேன். சமையல்காரர் எட்டிப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைத்த பிறகும் வந்துகொண்டிருந்தது.

"பயந்துட்டாரா நைனா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். பிறகு பயம் குறைந்தது, பிடி தளர்ந்தது, அதை நான் நிச்சயமாகப் பார்த்தேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை என்றும் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். தான் இல்லாத அந்த நேரத்தில் அவர் பயந்துபோயிருப்பாரோ என்று அவனும் ஒரு வருஷமாக யோசித்திருக்கிறான். டீ குடிக்கப் போனதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அந்தத் திட்டில் பாதியை என் பேரில் எழுதிவிட்டான், அவ்வளவுதான்.

"உன்ன தூக்க உடல நான்" என்றான் மெதுவாக.

 பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யாக இருந்திருக்கும். நைனாவுக்குத் தோள் கொடுக்காத குறை எனக்கு இருக்கிறது, இருக்கத்தான் போகிறது. அதைத் திருத்துவதற்கு வழியில்லை என்று அவனுக்கும் தெரியும்.

அவன் சமையல்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினான். "அண்ணா, இன்னொரு கோபி. காரம் தூக்கலா" என்றான்.

வெளியே வந்தபோது வெயில் இறங்கி, எதிரிலிருந்த சர்ச் கோபுரத்தின் நுனியில் மட்டும் மிச்சமிருந்தது. பைக்கில் கோரமண்டல் வரை கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் மகளின் வேலை, புதிதாக வந்த மேனேஜர், ரயில் தாமதம் என்று ஒரு வருஷத்துப் பேச்சைக் காற்றில் கத்திக்கொண்டே வந்தான். பாதி எனக்குக் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்.

வீட்டில் ரூத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சட்டையில் பூண்டு வாசனை வருகிறதே என்றாள். அசோகனோடு சாப்பிட்டேன் என்றேன். மடித்த துணி கையில் இருக்க, அப்படியே நின்றுவிட்டாள். உட்கார்ந்து முழுவதும் சொன்னேன், கட்டில் சந்தேகம் உட்பட.

கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க மன்னிப்பு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அவரு?"

"கேக்கல. இன்னொரு தட்டு கோபி சொன்னான்."

ரூத் மடித்த துணியைக் கீழே வைத்தாள். "அது போதும்" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய், அசோகன் மனைவிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். இரண்டு பேரும் எடுத்த எடுப்பில் அழுவதும், உடனே எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டுவதும் கூடம் வரை கேட்டது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.